கோணாமலையின் நாலாவது வீடு

பிளாஸ்டிக் கதிரையை மணலில் அமுக்கி வைத்து, நாலு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் கோணாமலை அதில் உட்காருவார். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் சோடியாக வைப்பார். எதிரே மட்டக்களப்பு வாவி. ஒரு பக்கம் கண்ணா மரப் பற்றை, மறு பக்கம் யாரோ கரையேற்றிக் கவிழ்த்துவிட்டுப் போன தோணி. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழும்பி, கதிரையைத் தூக்கிக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் மறுபடியும் வைப்பார். முதல் இருந்தது விறாந்தை. இப்போது இருப்பது ஹோல். அடுத்தது குசினி. வீடு இன்னும் கட்டவில்லை. கட்டுவதா விடுவதா என்று பார்க்கத்தான் இந்த இருப்பு.

சனிக்கிழமை தோறும் ஆரையம்பதியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார். பின் சீற்றில் கதிரையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மண்முனைப் பாலத்தைத் தாண்டி, கொக்கட்டிச்சோலைப் பக்கமாக இறங்கி, வயல் வரம்பை ஒட்டிய கிரவல் பாதையில் ஆடி ஆடி வந்து சேருவார். அந்தப் பக்கத்துச் சனம் ஆரம்பத்தில் அவரைக் கதிரை விற்க வந்த வியாபாரி என்று நினைத்தது. ஒரு மனிசி கூப்பிட்டு விலையும் கேட்டுவிட்டாள். விஷயம் தெரிந்த பிறகு 'கதிரைக்காரர்' என்று பெயர் வைத்தார்கள். இதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் இல்லை அவர். "சும்மா இரிந்து பாக்கன் தம்பி. இரிக்க ஏலுமெண்டாத்தானே கட்டலாம்" என்பார். அதில் பிழை பிடிக்க யாராலும் முடியவில்லை.

இருப்பது அவருக்குக் கைவந்த கலை. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் ஜீப் ஓட்டிப் பென்சன் எடுத்தவர். ஐயாமார் கூட்டத்துக்குள் போனால் அது எப்போது முடியும் என்பது அவர்களுக்கே தெரியாது. வாகை மர நிழலில் ஜீப்பை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஓட்டிய நேரத்தைவிடக் காத்திருந்த நேரம்தான் கூட என்று அவரே சொல்லுவார். அதனாலோ என்னவோ, எதற்கும் சட்டென்று ஓம் என்றோ இல்லை என்றோ அவர் வாயில் வராது. "பாப்பம்" என்பார். நெருக்கிக் கேட்டால், "இப்ப நியூட்ரல்ல போட்டிரிக்கன்" என்பார். சாமானுக்கு விலை கேட்டுவிட்டு அவர் "பாப்பம்" என்று நிற்பதைக் கண்டால் ஆரையம்பதிச் சந்தையில் கடைக்காரர்கள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார்கள்.

வீடு கட்டுவது மட்டும் அவருக்குப் புதிதல்ல. வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார் என்று பழமொழி இரண்டாகப் பிரித்துச் சொல்லுகிறது. மட்டக்களப்பில் இரண்டும் ஒரே வேலைதான். பெண்ணைப் பெற்றவன் வீட்டைக் கட்டி, அவள் பெயரில் எழுதி வைத்துவிட்டுத்தான் மாப்பிள்ளை தேட வேண்டும். தகப்பன் இல்லாவிட்டால் அண்ணன் கட்ட வேண்டும். கோணாமலைக்குத் தகப்பன் வேளைக்கே செத்துப் போய்விட்டார். ஆகவே மூத்த தங்கச்சிக்கு ஒரு வீடு, இளைய தங்கச்சிக்கு ஒரு வீடு என்று கட்டிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் நரைத்த தலையோடு கண்ணகையைக் கலியாணம் முடித்து அவளுடைய வீட்டுக்குப் போனார். அது மாமனார் கட்டியது. மகள் தனுஷா வளர்ந்ததும் அந்தப் பழைய வீட்டை இடித்து, அதே வளவில் புதிதாகக் கட்டி அவளுக்கு எழுதினார். கலியாணம் முடிந்த கையோடு, ஊர் முறைப்படி, தாயும் தகப்பனும் முன்னறையை விட்டுக் குசினியோடு ஒட்டிய சின்ன அறைக்குப் போனார்கள். அங்கே ஒரு பக்கம் அரிசி மூட்டை, ஒரு பக்கம் தேங்காய்க் குவியல், நடுவில் கட்டில். மருமகன் விஜிதரன் தங்கமான பொடியன். ஆனாலும் தன் கையால் மூன்று வீடு கட்டிய மனிசன், அரைத் தூக்கத்தில் எழும்பும்போது தேங்காயில் கால் தடுக்குகிறார்.

வாவிக்கரைக் காணி அவருக்குக் கிடைத்ததற்கும் சீதனம்தான் காரணம். தாயுடைய சொத்தில் நல்ல வயலும் மேட்டு வளவும் தங்கச்சிமாருக்குப் போயின. இந்தத் துண்டை எந்த மாப்பிள்ளை வீட்டாரும் சீண்டவில்லை. கிணறு தோண்டினால் தண்ணீர் உவர். மாரியில் வாவித் தண்ணீர் ஏறும். வெள்ளாண்மை விளைந்தால் யானை வரும். சீதனத்துக்கு ஆகாத காணி என்பதால் ஆண்பிள்ளைக்கு மிஞ்சியது. இத்தனை வருடமும் எட்டிப் பார்க்காதவர், பென்சன் எடுத்த அடுத்த கிழமை கதிரையோடு வந்து இறங்கினார்.

குறைகளையும் இருந்துதான் பார்த்தார். மார்கழி அடைமழையில் ஒரு நாள் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே இருந்தார். தண்ணீர் வந்து கணுக்காலைத் தொட்டது. அசையவில்லை. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணலை வெட்டி ஆற்றுவாயைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் மறுபடி போனார். தண்ணீர் வடிந்து, காணியில் நின்ற தென்னையில் சேற்றுக் கோடு தெரிந்தது. அதற்கு மேலே நீலப் பெயின்றால் ஒரு கோடு போட்டார். அத்திவாரம் இந்த மட்டத்துக்கு வந்தால் போதும் என்று தானே தலையாட்டிக்கொண்டார். குடிதண்ணீர்க் குழாய் பாதையோரம் வரை வந்திருக்கிறது. யானைக்கு வேலி போட்டிருக்கிறார்கள், யானை அதை மதிக்கிறதா என்பது வேறு கதை.

ஒரேயொரு விஷயத்தைத்தான் கதிரை போட்டு இருந்து பார்க்க முடியவில்லை. அது கண்ணகை. அவள் வராமல் அவர் கட்டப்போவதில்லை. தனியே இருக்க என்றால் கச்சேரி ஜீப்பே போதுமே. அவளோ வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேச்செடுத்தால் ஒரு குறை சொல்லுவாள். அதை அவர் தீர்த்துவிட்டு வந்தால் இன்னொன்று தயாராக இருக்கும்.

"நெஞ்சு கிஞ்சு நொந்தா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போற?"

"பாலம் இரிக்கே புள்ள. முந்தியப் போல பாதைப் படகுக்காக துறையில நிக்கத் தேவல்ல."

"நுளம்புக் கடி?"

"வல போடுவம்."

"யான?"

"அது நம்மளப் பாக்கவா வருது? வெள்ளாமைக்கெல்லோ வருது."

"ஓம், உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் வரும்" என்றுவிட்டு அவள் மீன் வெட்டப் போய்விடுவாள். அவளுடைய மனதில் வேறு ஏதோ கிடக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். என்னவென்று கேட்கத் தெரியவில்லை.

இதற்கிடையில் தனுஷா ஒரு நாள் தன் இளைய மகளைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே சொன்னாள். "அப்பா, கட்டுறதெண்டா நல்லாக் கட்டுங்க. பெரியவக்கு இந்த வீடு இரிக்கு. அது சின்னவக்கு உதவும்." சின்னவளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. அத்திவாரம் கிண்ட முன்னமே வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. ஆனால் மகள் சொன்னதில் பிழை இல்லை, ஊர் முறை அதுதான். "பாப்பம்" என்றார் கோணாமலை. கண்ணகை அரிசி புடைப்பதை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.

காத்தான்குடி முஹம்மட் மேசன் அவருக்குப் பழைய பழக்கம். தனுஷாவின் வீட்டைக் கட்டியவன். காணியைக் காட்டக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவன் முதலில் கேட்டது மண்ணைப் பற்றியல்ல.

"கட்டிக் குடுக்க எத்தின குமரு அண்ண இப்ப ஊட்டுல?"

"குமரு ஒண்டுமில்ல. இது எனக்கும் தனுஷாட அம்மாவுக்கும்."

"பகிடி உடாதீங்க. வயசு போன ரெண்டு பேருக்கு ஆராவது ஊடு கட்டுவாங்களா? எங்கட ஊருல கேட்டா சிரிப்பாங்க."

"எங்கட ஊரிலயும் சிரிப்பாங்கதான்" என்றார் கோணாமலை. அறைகள் எப்படி வர வேண்டும் என்று முஹம்மட் கேட்டான். இதற்கு மட்டும் அவர் "பாப்பம்" என்று சொல்லவில்லை. நாக்கு தடுக்காமல் வந்தது. ஹோல் பெரிதாக வர வேண்டும், அதை ஒட்டிப் பெரிய முன்னறை, பக்கத்தில் சாமியறை, பின்னுக்குக் குசினி, குசினியோடு ஒட்டி ஒரு சின்னறை. முஹம்மட் மறு கேள்வி கேட்கவில்லை. அவன் கட்டிய வீடெல்லாம் அப்படித்தான். முளை அடித்து நூலைக் கட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமை வருகிறேன், அக்காவும் ஒருக்கால் பார்த்தால் வேலையைத் தொடங்கலாம் என்றான்.

கண்ணகை வர ஒத்துக்கொண்டது கோணாமலைக்கே ஆச்சரியம். "பாக்கத்தான் வாறன். வேற ஒண்டுக்குமில்ல" என்று சொல்லிக்கொண்டுதான் ஏறினாள். பின் சீற்றில் அவள் இருந்ததால் கதிரை வீட்டில் நின்றது. பாலத்தில் காற்று அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தது. ஒரு கையால் சேலையையும் மறு கையால் அவருடைய தோளையும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

முஹம்மட் முந்தியே வந்து, வாசல் வரும் இடத்தில் இரண்டு கல்லை வைத்திருந்தான். கண்ணகை சுற்றி வராமல் அந்தக் கல்லுக்கு நடுவால், முறையாக, வலக்காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். நூலைப் பார்த்தாள்.

"இதென்ன?"

"ஹோல்."

"இவ்வளவு பெரிசா என்னத்துக்கு? ஆர் வந்து இரிக்கிற?"

"மணவற வெச்சா சனம் இரிக்க இடம் வேணுமே" என்றார் கோணாமலை. சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே கேட்டது. முஹம்மட் தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"இது?"

"முன்னற."

"ஆருக்கு?"

கோணாமலை குனிந்து ஒரு முளையைச் சரி பார்த்தார்.

"அப்ப நாம எங்க படுக்கிற?"

அவருடைய கை தானாக நீண்டுவிட்டது. குசினிக்குப் பக்கத்தில், ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அந்தச் சின்னச் சதுரத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. தனக்கென்று ஒரு வீடு கட்ட வந்து, நினைத்தும் பாராமல், தன்னையும் அவளையும் மறுபடியும் கொண்டுபோய்த் தேங்காய்க் குவியலோடு போட்டிருக்கிறார்.

கண்ணகை சத்தம் போடவில்லை. "ஆஸ்பத்திரி, யான எண்டு நான் சொன்னதெல்லாம் சும்மா" என்றாள். "யானைக்குப் பயந்தா வராம நிண்டன்? இன்னொரு வீட்டிலயும் பின்னறைக்குப் போக எனக்கு ஏலா. இதச் சொல்ல ஒரு மாதிரி இரிந்திச்சி. அதான் சொல்லல்ல."

சொல்லிவிட்டு ஹோலின் நடுவில், மணவறை வரும் இடத்தில், சேலையை ஒதுக்கிக்கொண்டு மணலில் இருந்தாள். இரண்டு காலையும் வாவிப் பக்கமாக நீட்டினாள். தண்ணீரில் இறாலுக்கு வலை கட்டிய கம்புகள் வரிசையாக நின்றன.

"நான் இஞ்சதான் படுப்பன்" என்றாள்.

"தனுஷா கேப்பாளே, சின்னவக்கு எண்டு."

"கேக்கட்டும். நாம செத்த பிறகு கேக்கட்டும்."

முஹம்மட் தொண்டையைச் செருமினான். "அப்ப அண்ண, பிளான மாத்தவா? இனிச் சொல்லுங்க, எத்தின அற?"

கோணாமலை குசினிப் பக்கமாக நடந்து போனார். சின்னறையின் நூலை அவிழ்த்துக் கையில் சுற்றினார். ஒவ்வொரு முளையாகப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, முஹம்மட்டின் காலடியில் போட்டார். கடைசி முளை இறுகிக் கிடந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்து ஆட்டத் தொடங்கினார்.