எட்டு லாடம்

அன்று எங்கள் வீட்டில் இருந்தது நான்கு பேர். நான், என் மனைவி, கட்டிலில் அவளுடைய அண்ணன், வாணியம்பாடியிலிருந்து ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டு வந்த பாய். வேறு யாரும் இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிஷம் பாய் வெளியே வேனிலும், மனைவி அடுப்படியிலும் இருந்தார்கள். அறைக்குள் நானும் மச்சானும்தான்.

மச்சானுக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டிருந்தது. வாரத்துக்கு ரெண்டு தடவை மலையிறங்கி, போளூரில் பஸ் மாறி, வேலூர் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவார். மூன்று வருஷம் இப்படி. ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் பஸ்ஸுக்கு எழுப்பினபோது, இனிமேல் வரவில்லை என்று சொல்லிவிட்டார். கோபமில்லை. கடைக்குப் போகவில்லை என்பது போலச் சொன்னார். டாக்டருக்கு போன் பண்ணினேன். நிறுத்தினால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்றார். மனைவி அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் மனசு மாறவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. அவருடைய வால்வு செட்டில் பாட்டு கேட்க வேண்டும்.

போளூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்தில் அவரே கையால் கட்டின ஆம்ப்ளிஃபையர் அது. கண்ணாடி வால்வுகள் சூடேறிச் சிவப்பாக எரிய ரெண்டு மூன்று நிமிஷம் ஆகும். அப்புறம்தான் சத்தம் வரும். செட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்பீக்கரைத்தான் பரண்மேல் எலி தின்றுவிட்டது, காகிதக் கூம்பு முழுக்க.

நான் எட்டாவதோடு நின்றவன். மலையில் கல்யாணம், திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறேன். ஸ்பீக்கர் பின்பக்கம் ஒரு நம்பரும், பக்கத்தில் மாட்டு லாடம் மாதிரி ஒரு குறியும் இருக்கும். படித்தவர்கள் அதை ஓம் என்பார்கள். எங்களுக்கு அது லாடம். நாலு லாடம், எட்டு லாடம். மச்சான் செட்டில் எட்டு லாடத்துக்குத்தான் இடம் இருந்தது. அது பொருந்தாமல் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. பாய்க்கு ஒரே நாளில் நாலு தடவை போன் பண்ணினேன். அறை ஒன்பதுக்கு எட்டு, பாதி கட்டிலே அடைத்துவிடும், மேலே தகரம், செட்டு வெறும் எட்டு வாட் என்று சொன்னதையே சொன்னேன்.

பாய் பொறுமைசாலி. எட்டு வாட்டுக்குப் பெரிய பெட்டி ஆகாது, லேசான கூம்பு வேண்டும், தொட்டாலே பேசுகிற மாதிரி என்றார். ஒரு வாட் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்று ஒரு நம்பர் உண்டாம். தொண்ணூத்தி நாலு போட்ட சின்ன ஜோடி ஒன்று தன்னிடம் இருக்கிறது, சுவரை ஒட்டி வைத்தாலும் குமுறாது என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். மைக் செட்டுக்காரன் புத்தி, எனக்கு இருநூறு வாட் பெட்டிமேல்தான் நம்பிக்கை. ஒருவேளை சின்னது போதாமல் போனால்? மறுபடி மலையேறி வர நாள் எங்கே இருக்கிறது? சின்னதோடு இருநூறு வாட் ஜோடி ஒன்றையும் கொண்டு வரச் சொன்னேன். ரெண்டும் எட்டு லாடமா என்று இன்னொரு தடவை கேட்டுக்கொண்டேன்.

முதலில் பெரியதை மாட்டினோம். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகம் உப்பியிருந்தது. பாதிப் பாட்டில் கண்ணைத் திறந்தார்.

"மாப்ள, கெணத்துல வுழுந்தவன் பாடறாப்ல கீது. யாராவது கயிறு போடுங்க."

பாய் சிரித்துவிட்டார். "நான் சொல்ல சொல்ல கேக்கலியே, அண்ணே" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சின்ன ஜோடியில் ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார். இன்னொன்றை எடுக்க வேனுக்குப் போனார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செட்டை அணைத்தால் மறுபடி சூடேற நேரமாகும், அதற்குள் மச்சான் அசந்துவிட்டால் என்ன பண்ணுவது என்று செட்டை அணைக்காமல், பாட்டையும் நிறுத்தாமல் பெரிய பெட்டியின் ஒயரைக் கழற்றினேன். மைக் செட்டில் நாங்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான். ரெண்டு ஒயரும் முட்டிக்கொள்ளக் கூடாது, முட்டினால் செட்டு எரிந்துவிடும். கழற்றி வைத்தால் ஒன்றும் ஆகாது. அதனால் ஒயர்களை ஒன்றுக்கொன்று படாமல் அகலமாகப் பிரித்து, அத்தனை ஜாக்கிரதையாகத் தரையில் வைத்தேன். வால்வு செட்டுக்கு எல்லாமே தலைகீழ் என்று எனக்குத் தெரியாது. ஒயர் முட்டினால்கூட ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஸ்பீக்கரே இல்லாமல் பாட்டு ஓடினால்தான் தாங்காது.

மச்சான் கையைத் தூக்கினார். உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் ஆடின. கூட்டி வை என்கிறார் என்று நினைத்தேன். பாட்டு நின்றுவிட்டதே என்று கேட்கிறார் போல. ஸ்பீக்கர் மாட்டினதும் கணீரென்று வரட்டும் என்று வால்யூமைத் திருப்பினேன்.

உள்ளே டிக்கென்று ஒரு சத்தம். இன்னொன்று. அப்புறம் வார்னிஷ் கருகின நாற்றம்.

பாய் பெட்டியோடு வாசலில் நின்றார். மூக்கை உறிஞ்சினார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதலில் பிளக்கைப் பிடுங்கினார். ஸ்பீக்கருக்குச் சத்தம் அனுப்புகிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது, கம்பி புதிதாகச் சுற்ற வேண்டும், சென்னைக்கு அனுப்பினால் ரெண்டு வாரம் என்றார். ரெண்டு வாரம் என்றதும் அடுப்படியிலிருந்து வந்த என் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மச்சான் என்னைத் திட்டவில்லை. "நிறுத்துன்னுதான் கையக் காட்னேன், மாப்ள" என்றார். "கை தூக்க முடிஞ்சது அவ்ளோதான்."

சாயங்காலம் என் மைக் செட் ஆம்ப்ளிஃபையரைச் சின்ன ஜோடியில் மாட்டினேன். இரைச்சலும் பாட்டுமாக வந்தது. ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். நல்லாத்தான் இருக்கிறது, இந்த ஜோடியையே வைத்துக்கொள் என்றார். பிறகு நிறுத்தச் சொன்னார். மறுபடி கேட்கவே இல்லை. வேலூர் போவதை நிறுத்தின எட்டாம் நாள் மத்தியானம் போய்விட்டார்.

டிரான்ஸ்ஃபார்மர் பதினேழாம் நாள் பஸ்ஸில் வந்தது. பாயே வந்து மாட்டிக் கொடுத்தார். சின்ன பெட்டிகளைக் கட்டில் கிடந்த இடத்தில் வைத்துப் போட்டோம். அப்படி ஒரு பாட்டை நான் அந்த அறையில் கேட்டதில்லை. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். அதற்கப்புறம் நான் தனியாக இருக்கும்போதுதான் போடுகிறேன். போடுவதற்கு முன் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன். மூன்றாவது தடவை இழுத்ததிலேயே கழன்றிருக்குமோ என்று நாலாவது தடவையும்.

ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள் மனைவி. வைத்துக்கொள் என்று மச்சான் சொல்லிவிட்டார், எப்படிக் கொடுப்பது. பெட்டி பதினோராயிரம், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றினது ரெண்டாயிரத்து எண்ணூறு. பாய் போன் பண்ணிக் கேட்பதில்லை, அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது. ரெண்டு திருவிழா வருமானத்தில் ஆறாயிரம் கொடுத்தேன். இன்னும் கொடுக்க வேண்டியது ஏழாயிரத்து எண்ணூறு ரூபாய்.