பன்றிக்குக் கொண்டுவந்த கப்பல் மத்தாப்பு

பிள்ளைகளா, உங்கள் சித்தப்பா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று கேட்கிறீர்கள். தீபாவளிப் பட்டாசில் கை வெந்தது, அந்த வருத்தம் என்று இதுவரை சொல்லிவந்தேன். அது பொய். அவன் கை வெந்தது நான் கொண்டுவந்த பொருளால்.

நாகப்பட்டினம் பக்கம் படகுப் பட்டறையில் நான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த சமயம். படகு ஆபத்தில் மாட்டினால் கையில் பிடித்துக் கொளுத்திக் காட்டும் சிவப்பு மத்தாப்பு நாலு அங்கே கிடந்தது. பயன்படுத்தும் கெடு முடிந்தவை. அதை ஒழிக்க முதலாளிக்கு வழி தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அலைய மனமில்லை.

"ஊருக்குத்தானே போற, எடுத்துட்டுப் போ. டேட் முடிஞ்சது, ஒண்ணும் பண்ணாது" என்றார்.

பரிசு மாதிரி வாங்கிக்கொண்டேன். கும்பகோணம், ஜெயங்கொண்டம் என்று பஸ் மாறி மாறி, அத்தனை சனத்துக்கு நடுவில் மடியில் வைத்துப் பெரம்பலூர் வரை கொண்டுவந்தேன். கெடு முடிந்த மாத்திரைக்கு வீரியம் குறையும், இதுவும் அப்படித்தான் என்று நினைத்தது எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் மூளை.

சித்தப்பாவின் மக்காச்சோளக் கொல்லையை அப்போது காட்டுப்பன்றி நாசம் செய்துகொண்டிருந்தது.

"கப்பலுக்கே வழி காட்டுறது, பன்னிக்கு வழி காட்டாதாண்ணே?" என்று சிரித்தான்.

வெளிச்சம் இருக்கும்போதே ஒன்றைச் சோதித்துப் பார்த்தோம். மத்தாப்பின் அடியில் இருந்த கயிற்றை இழுத்தான். பற்றவில்லை.

"என்னண்ணே, ஒன் மத்தாப்பு நமத்துப்போச்சு."

"உள்ளங்கையில தட்டிப் பாருடா." நான்தான் சொன்னேன்.

தட்டினான். அடிப்பக்கம் பிளந்துகொண்டு தீ வந்தது. உருகிய குழம்பு விரலில் ஒட்டிக்கொண்டது. கீழே விழுந்த மத்தாப்பின் மேல் உங்கள் சித்தி குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தாள். தண்ணீருக்குள்ளும் அது எரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "பட்டாசுங்க சார்" என்று நான் முந்திக்கொண்டேன். போலீஸ் பயம். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அதோடு எங்கள் பேச்சு நின்றது. அவனுக்கு மூன்று விரல் இன்றும் மடங்காது.

மீதி மூன்றையும் கிணற்றில் எறியப் பார்த்தேன், புதைக்கப் பார்த்தேன். கடைசியில் அவற்றைத் தொடாமல் வெறுங்கையோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

"கடலு எங்க இருக்கு, நீ எங்கய்யா இருக்க?" என்று சிரித்த ஏட்டையா, முழுதும் கேட்டதும் எழுந்துவிட்டார். வெடிமருந்து தெரிந்தவர்கள் வந்து எடுத்துப்போனார்கள். வெயிலும் அடுப்பும் அண்டாமல் காய்ந்த இடத்தில் வைத்துத் தகவல் சொல்லவேண்டுமாம். ஊறவைக்கக் கூடாது, புதைக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது. பழசாக ஆக அதன் குணம் கெடும், பற்றாததுபோல் இருந்துவிட்டுப் பற்றும் என்றார்கள். பட்டறையில் ஒருவராவது இதை எனக்குச் சொல்லியிருக்கலாம். நானும் ஒருவரையாவது கேட்டிருக்கலாம்.

பிறகு தம்பி வீட்டுக்குப் போனேன். சித்தி வாசலிலேயே மறித்தாள்.

"இன்னும் என்ன பரிசு வச்சிருக்கீங்க மாமா?"

அறுவடை சமயம், அவர்கள் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போன நாளில், தனியாக அந்தக் கொல்லைக்குப் போனேன். கதிர் ஒடிக்க இரண்டு கையும் வேண்டும். நாலு சால் வரிசைக் கதிரை ஒடித்து, வரப்போரம் குவித்து, சாக்குப் போட்டு மூடிவிட்டு, அவர்கள் பஸ் வருவதற்குள் திரும்பிவிட்டேன்.