விழுப்புரம் மாவட்டத்து மழை

ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போன எட்டாம் வகுப்பு இயற்கணிதத் தேர்வை, எவ்வளவு மழை பெய்தாலும் இன்று நடத்தியே தீர்வது என்ற வரலாற்று முடிவைக் காலைக் காபிக்கு முன்பே எடுத்தேன்.

காபி ஆறுவதற்குள் மாணவி ஷபானா போன் செய்தாள்.

"சார், விழுப்புரம் மாவட்டத்துக்கு மழை லீவு விட்டுட்டாங்க. எங்க வீடு கோட்டக்குப்பம். தமிழ்நாடு."

"ஸ்கூல் பாண்டிச்சேரியில இருக்கும்மா. அங்க லீவு இல்ல."

"கிளம்புற இடத்துலயே லீவு சார். எப்படிக் கிளம்புறது?"

"நான் கிளம்பலையா?"

"நீங்களும் கோட்டக்குப்பம்தான சார். எங்க மாடியிலேர்ந்து பார்த்தா தெரியுது. இன்னும் லுங்கியிலதான் இருக்கீங்க."

ஜன்னலைச் சாத்தினேன். பிறகு தலைமை ஆசிரியருக்குப் போன் செய்து, விழுப்புரம் மாவட்டத்தின் அறிவிப்பை எடுத்துச் சொன்னேன்.

தேர்வு திங்கட்கிழமை நடைபெறும்.