ஏழேகால் மணிக் கைது

காலை ஏழு ஐந்து. மேல் அறையின் ஏணித் துவாரம் வழியாக நான் முதலில் பார்த்தது இரண்டு ஜோடி பழுப்பு நிற ஷூக்கள். எங்கள் வீட்டுக்குள் யாரும் செருப்போடு வருவதில்லை. அவை வாசற்படியைத் தாண்டி, இட்லி மாவு வாளிக்கு ஒரு சாண் தள்ளி நின்றன. எனக்கு அப்போது ஒன்பது வயது. தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி வீட்டில் ஆறு பேர் இருந்தோம்.

சுவர்க் கடிகாரம் ஏழு இருபது என்றது. லோக்கல் ரயிலைத் தவறவிடக் கூடாது என்று அப்பா அதைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார். எங்கள் சந்தில் பல வீடுகளில் இதே ஏற்பாடுதான். வீட்டில் எல்லோரும் மனதுக்குள் கால் மணியைக் கழித்துக்கொள்வோம், அப்பாவும் கழித்துக்கொள்வார். அதனால் வாரத்துக்கு இரண்டு நாளாவது ரயிலைத் தவறவிடுவார்.

வந்தவர்கள் ஒரு சப் இன்ஸ்பெக்டரும் ஒரு ஹவல்தாரும். அவர்களுக்கு வேண்டியது சித்தப்பா. அவர் வேலை பார்த்த பை தைக்கும் பட்டறையில் இரண்டு தையல் மெஷின்களைக் காணவில்லை. பட்டறைச் சாவி அவரிடம் இருந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்த சித்தப்பா பிரஷை வாயிலிருந்து எடுக்காமலே எழுந்து நின்றார்.

அப்பா சினிமாவில் பார்த்ததைச் செய்தார். நெஞ்சை நிமிர்த்தி, "வாரண்ட் கிதர் ஹை?" என்றார்.

"சோரி கா கேஸ் ஹை, பாய். வாரண்ட் நை லக்தா" என்றார் சப் இன்ஸ்பெக்டர். அவர் சொன்னது சரிதான். திருட்டு வழக்கில் தகுந்த சந்தேகம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். அப்பா நெஞ்சை இறக்கிக்கொண்டார்.

அத்தை, அப்பாவின் அக்கா, ஸ்டவ்வை அணைத்தாள். போன மாதம் எங்கள் சந்து மகளிர் குழுவில் பேச ஒரு பெண் வக்கீல் வந்திருந்தார். அங்கே கொடுத்த சமோசாவுக்காகத்தான் போனதாக அத்தையே சொல்லியிருக்கிறாள். ஆனால் சமோசாவோடு சில சட்டங்களும் அவளிடம் தங்கிவிட்டிருந்தன. எதற்காகப் பிடிக்கிறீர்கள், எங்கே கொண்டுபோகிறீர்கள், காகிதம் எங்கே என்று திருநெல்வேலி ராகத்து ஹிந்தியில் கேட்டாள். ஹவல்தார் ஒரு படிவத்தை நீட்டினார். வீட்டார் ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும் என்றார்.

அத்தை அதை வாங்கி என்னிடம் நீட்டினாள். "ஏட்டி, கீழ எறங்கி வா. சத்தமா வாசி. ஒன் மராத்தி என்ன லட்சணத்துல இருக்குன்னு பாப்பம்."

போலீஸ் நிற்கும்போதா எனக்குப் பரீட்சை என்று எரிச்சலாக இருந்தது. வாசித்தேன். பெயர், காரணம், இடம் எல்லாம் இருந்தன. நேரம் என்ற இடம் காலியாக இருந்தது.

"அத ஸ்டேஷன்ல எழுதிக்குவாங்களாம். விடு யக்கா" என்றார் அப்பா.

"நீ சும்மா கெட. டைம் லிகோ சாப். டைம் நை, தோ சாட்சி நை" என்றாள் அத்தை. நேரம் எழுதாவிட்டால் சாட்சி கிடையாதாம்.

சப் இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். பிறகு சுவரைப் பார்த்து ஏழரை என்று எழுதினார்.

"சாப், வோ கடி பந்த்ரா மினிட் ஃபாஸ்ட் ஹை!" என்று, கடிகாரம் கால் மணி முன்னால் ஓடுவதைக் கத்திச் சொன்னது நான்தான்.

அப்பா என் தொடையில் கிள்ளினார். "வாய மூடிட்டு மேல போ, ஏட்டி." ஹவல்தார் சிரித்துவிட்டார். சப் இன்ஸ்பெக்டர் தன் மொபைலைப் பார்த்தார். ஏழரையை அடித்து, ஏழேகால் என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சிறிதாகக் கையெழுத்துப் போட்டார். நான் அழுதுகொண்டே ஏணியில் ஏறினேன். அதன் பிறகு கீழே நடந்ததைப் பார்க்கவில்லை. குடும்பத்து மானத்தை வாங்கிவிட்டேன் என்று வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கைதானவரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. காலியிடத்தில் மாலை ஏழு என்று பிறகு எழுதியிருந்தால், மறுநாள் மாலை வரை சித்தப்பாவை அவர்களே வைத்துக்கொண்டிருக்கலாம். காலை ஏழேகால் என்றால், மறுநாள் கோர்ட் திறப்பதற்குள் கெடு முடிந்துவிடும். அதனால் அன்று பிற்பகல் மூன்று மணிக்கே கொண்டுபோனார்கள். அந்தப் பெண் வக்கீல் வந்து நின்றார். சாவியைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று மாஜிஸ்திரேட் கேட்டார். சித்தப்பா ஜாமீனில், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்தார். மெஷின்கள் பட்டறை முதலாளியின் மைத்துனரிடம் இருந்தது மறு மாதம் தெரிந்தது.

அந்தச் சப் இன்ஸ்பெக்டருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். ஒரு அதட்டலில் அத்தையை அடக்கியிருக்கலாம். அவர் பேனாவை எடுத்தார். அதற்குப் பின் நானும் வக்கீலாகி எத்தனையோ கைதுப் படிவங்களைப் பார்த்துவிட்டேன். அடித்துத் திருத்திய நேரம் உள்ளது அது ஒன்றுதான்.

அத்தைக்கான நன்றியை அவள் இருக்கும்போது சொல்லவில்லை. போன வருஷம் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் அந்தப் படிவத்தின் நகல் கிடைத்தது. அதில் சித்தப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். சாட்சிக்கான இடத்தில் அத்தையின் இடது பெருவிரல் ரேகை இருந்தது.