உயிரோடிருந்த அய்யாவுக்கு எள்ளும் தண்ணீரும்

போன வாரம் பல் டாக்டர் மிச்சமிருந்த கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிவிட்டு, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். இந்த வயதில் கொப்பளிக்கவும் ஒரு சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது. எனக்கு அது இல்லை. டம்ளர் நழுவி உப்புத் தண்ணீர் கண்ணில் தெறித்துவிட்டது. எரிச்சலோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். ராமேசுவரம் ஞாபகம் வந்தது என்று சொன்னால் நம்புவாளா? உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. அபிராமத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அய்யாவோடு மாடும் மண்ணுமாகக் கிடந்தவன் நான். என்னோடு படித்த சோலைக்கு ராமேசுவரத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. போய் இரண்டு மாதம்தான் இருக்கும், அதற்குள் ஊரையே விலைக்கு வாங்கியவன் மாதிரி, "ஞாயித்துக்கிழம இங்கன வாடா, வேலவெட்டி இல்லாமச் சுத்துவோம்" என்று சொல்லி அனுப்பினான். வேலைவெட்டி இல்லாமல் சுற்றுவது எங்கள் வீட்டில் கெட்ட வார்த்தை. அன்று அமாவாசை, ஏர் பூட்டாத நாள் என்பதால்தான் அய்யா விட்டார். அதுவும் வைதுகொண்டே. அவர் எதையும் வைதுகொண்டுதான் செய்வார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாலும் அதன் ஏழு தலைமுறையையும் இழுப்பார். பாசத்துக்கும் அதே வசவுதான், வேறு பேச்சு அவருக்குத் தெரியாது.

சனிக்கிழமையே போய்ச் சேர்ந்தேன். சோலையின் அறையில் பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசம் நிரந்தரமாகக் குடியிருந்தது. காலையில் வெயில் ஏறியபிறகுதான் எழுந்தோம். இட்லி தின்றோம், காபியை இரண்டு தடவை குடித்தோம். சங்குக் கடை, பாசிமணிக் கடை ஒன்று விடாமல் விலை கேட்டோம், ஒன்றும் வாங்கவில்லை. கோயில் பிரகாரத்தில் எல்லாம் தெரிந்தவனாக முன்னால் நடந்த சோலை, நுழைந்த வாசலுக்கே என்னைக் கொண்டுவந்து சேர்த்தான். "வேணும்னுதான் சுத்திக் கூட்டியாந்தேன்" என்றான்.

பிறகு கடல். கரையில் திதி கொடுக்கிற கூட்டம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. எங்கள் இருவருக்கும்தான் அய்யாமார் இருக்கிறார்களே, அது நமக்கில்லை என்று குளிக்க மட்டும் வந்தோம். சோலை துணிகளுக்குக் காவல், நான் தண்ணீரில். எங்கள் ஊர்க் கண்மாயில் முங்கினால் கண்ணைத் திறந்துகொண்டுதான் முங்குவோம். அந்தப் பழக்கத்தில் கடலிலும் திறந்துவிட்டேன். மிளகாய்ப்பொடி போட்ட மாதிரி எரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தட்டுத்தடுமாறிக் கரையேறினால், ஒரு கை என் கையைப் பிடித்து உட்கார வைத்தது. நல்ல மனுசன் என்று நினைத்தேன்.

"தகப்பனார் பேரு?" என்றது குரல்.

எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதலில் 'யாரு மகன்?' என்றுதான் கேட்பார்கள். "வெள்ளைச்சாமி" என்றேன். தாத்தா பேரையும் கேட்டார், சொன்னேன். கையில் தண்ணீர் ஊற்றினார். கண் கழுவத்தான் என்று முகத்துக்குக் கொண்டுபோனேன்.

"மூஞ்சியில இல்ல, கட்டைவிரல் வழியாக் கீழ விடுங்க."

ஊருக்கு ஒரு வைத்தியம் போலிருக்கிறது என்று விட்டேன். மூன்று தடவை விட்டேன். கண் லேசாகத் திறந்தபோது உள்ளங்கையில் கறுப்பு எள் ஒட்டியிருந்தது. ஈர வேட்டியோடு எழுந்து ஓடினேன்.

சோலை மணலில் புரண்டு சிரித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். உயிரோடிருக்கிற அய்யாவை நானே வழியனுப்பிவிட்டேன் என்றுதான் அப்போது நம்பினேன். அவன் என்னை அந்தப் புரோகிதரிடமே இழுத்துப் போனான். விவரம் கேட்ட அவர் அசரவே இல்லை.

"அய்யாவுக்கு யாரு பேரு வச்சிருக்கு?"

"அவுக தாத்தா பேரு."

"அப்ப அந்தத் தாத்தாவுக்குப் போய்ச் சேந்திருச்சு. போய்ச் சாப்பிடுங்க."

"தீந்துச்சுல்ல?" என்றான் சோலை.

"ஏலே, நம்ம ஊருக்கு வர்ற தபாலே ரெண்டு வெள்ளச்சாமிக்கும் மாறி மாறித்தான போகுது" என்றேன். தந்தி அடித்துக் கேட்போமா என்றேன்.

"தந்தியப் பாத்தா படிக்காமலே ஒப்பாரி வச்சிருவாக. உங்க அய்யா உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கணும்."

சாயங்காலம்தான் ரயில். அதுவரை சோலை எனக்கு ஊரைக் காட்டிக்கொண்டே இருந்தான். நுங்கை நோண்டி வாயருகே நீட்டினான். எனக்கு எதுவும் இறங்கவில்லை. ரயிலேற்றிவிட வந்தவன், வண்டி நகரும்போது தானும் ஏறி உட்கார்ந்துகொண்டான். மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு. "பிள்ளைக ஒரு நாள் சந்தோசமா இருக்கட்டும்" என்றான்.

பரமக்குடியில் இறங்கி, விடியற்காலை முதல் பஸ் பிடித்து ஊருக்குள் நடந்தோம். ஊரணியை நெருங்கும்போது கேட்டது:

"நிக்கச் சொன்னா ஆட்டம் போடுது பாரு, கட்டையில போற மூதி!"

அய்யா மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அதைவிட இனிய சத்தத்தை நான் இதுவரை கேட்டதில்லை. சோலைதான் நடந்ததைச் சொன்னான். அய்யா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தண்ணி விட்டியே, ஒரு வாய் சோறு வச்சியாடா?"

சோலை சிரித்துச் சிரித்து ஊரணிக்குள்ளேயே விழுந்தான். நான் அழுதுவிட்டேன். "எதுக்குடா அழுகுற? வந்து மாட்டப் புடி" என்றார்.

அதன்பிறகு அய்யா நெடுங்காலம் இருந்தார். பந்தியில் உட்காரும்போதெல்லாம், "எனக்கென்ன, எம் மகன் அப்பவே குடுத்துட்டான்" என்று பெருமையாகச் சொல்லுவார். படுக்கையில் விழுந்தபோதும், "நான் போனா ராமேசுவரத்துக்கு அலையாத, அதான் முந்தியே முடிச்சுட்டியே" என்றார்.

இப்போது அந்தக் கரி ரயில் வண்டி இல்லை. அமாவாசைக்கு அவிழ்த்துவிட ஊரில் மாடும் இல்லை. சோலையும் போய்ச் சேர்ந்துவிட்டான். காரியத்தில் குறை வைக்காதே என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் இன்றுவரை ராமேசுவரம் போகவில்லை. அய்யா பேச்சை மீறாத பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன, பயம்தான். அங்கே போய் அந்தப் பேரைச் சொல்லிவிட்டுத் திரும்பினால், இந்தத் தடவை என்னை வைய யாரும் இருக்க மாட்டார்கள்.