மூன்று ரவுண்டு இருமல்

மருந்துக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு மருந்து விற்பது சுலபம். விற்க மாட்டேன் என்று சொல்லத்தான் தொண்டைத் தண்ணீர் வற்றிப் போகிறது. கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? மலைநாட்டு லுணுகலையில், முதலாளி நசீர் நானாவின் பாமசியில் எனக்கு இது ஏழாவது வருடம். டாக்டர் எழுதிய துண்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில்லை என்பதில் நான் பிடிவாதக்காரி. எதிர்க்கடையில் கேட்டவுடன் கொடுத்துவிடுவார்கள். அதனால் போன மழைக்காலத்தில் என் வேலைக்கே ஆபத்து வந்தது.

மருந்துக்குப் பதில் மலை

தெய்வானை அக்கா மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவர் எந்தக் கடைக்குப் போகிறாரோ, அவர் குடியிருக்கும் லயத்து வரிசையில் அத்தனை வீடும் அங்கேதான் போகும். பத்து நாள் இருமலோடு வந்து, செவப்பும் மஞ்சளுமா ஒரு மாத்திரை இருக்குமே, அது வேண்டும் என்றார். விசாரித்தேன். காய்ச்சல் இல்லை, மூச்சு வாங்கவில்லை, சளியில் ரத்தம் இல்லை. இது வைரஸ், மூக்கொழுகல் ஒரு வாரத்தில் நின்றாலும் இருமல் மூன்று வாரம்கூட இழுக்கும், அந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரை பாக்டீரியாவைத்தான் கொல்லும், இதற்குக் கேட்காது என்று சொன்னேன்.

வாரக்கணக்கு அவரிடம் எடுபடவில்லை. தோட்டத்தில் ஒரு மலையில் கொழுந்து எடுத்தால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் திரும்ப அதே மலைக்கு வருவார்கள். அதுதான் ஒரு ரவுண்டு. இருமல் தொடங்கிய அன்று எந்த மலையில் நின்றீர்கள் என்று கேட்டேன். ஆறாம் நம்பராம். "அன்னையிலருந்து கணக்குப் போட்டு, அதே மலைக்கு மூணு ரவுண்டு வர்ற வரைக்கும் பொறுங்க. அப்பவும் நிக்கலன்னா, இல்ல நடுவுல காய்ச்சலோ மூச்சு வாங்குறதோ வந்தா, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். அக்கா பையைத் தூக்கிக்கொண்டார். "மருந்துக்கட மிஸ்ஸுகிட்ட மருந்து கேட்டா, மலைக்குப் போங்கறாங்களே!"

நானா வைத்த கெடு

மறுநாள் அந்த லயத்தார் மூன்று பேர் எதிர்க்கடைப் படியேறுவதை நானும் நானாவும் சேர்ந்தே பார்த்தோம். ஆனாலும் நான் என் பிடிவாதத்தை மாற்றிக்கொள்வதாக இல்லை. நானா நல்லவர்தான், ஆனால் வியாபாரி. "புள்ள, நீங்க சொல்றது சரிதான். ஆனா இந்த மாசத்துக்குள்ள அந்த லயம் திரும்பி வரல்லண்டா, நீங்க எதிர்க்கடையிலதான் வேல கேக்கணும்."

வெட்கம் கெட்ட சளி

அதே வாரம் ஆட்டோக்காரர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். போன மாதம்தானே சளி வந்து போனது, மறுபடி எப்படி வரலாம் என்று. சளி தரும் வைரஸ்கள் ஏராளம், ஒன்றை வென்ற உடம்புக்கு அந்த ஒன்றிடம்தான் எதிர்ப்புச் சக்தி, அதுவும் நாளாக ஆக மங்கிப்போகும் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் சமாதானமாகவில்லை. "அம்மையெல்லாம் ஒரு தடவ வந்துட்டு மரியாதையாப் போயிருதுங்க மிஸ். இந்தச் சளிக்குத்தான் வெக்கமே இல்ல."

மூன்றாம் வீட்டு மாத்திரை

ஐந்தாறு நாளில் தெய்வானை அக்கா மறுபடி வந்தார், இந்த முறை வயிற்றோட்டத்தோடு. லயத்தில் சீனி, தேயிலைத்தூள் கைமாற்று வாங்குவதுபோல மாத்திரையும் வீடு வீடாகப் போகும். காய்ச்சல் விட்டதும் ஒருவர் பாதியில் நிறுத்துவார், மிச்சம் அடுத்த வீட்டுக்கு. அப்படி மூன்றாம் வீட்டிலிருந்து வந்த அதே சிவப்பு மஞ்சள் மாத்திரை நான்கை அக்கா விழுங்கியிருந்தார். இருமல் அப்படியே இருந்தது, வயிறு கெட்டதுதான் மிச்சம். கோபத்தில் கத்திவிட்டேன். உப்புக்கரைசல் பாக்கெட்டைக் கொடுத்து, லயத்தில் கிடக்கும் மிச்ச மாத்திரைகளையெல்லாம் இங்கே கொண்டுவரச் சொன்னேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "அன்பாக் குடுக்கிறத வேணாம்னு எப்புடி மிஸ் சொல்றது?"

ஒன்றும் கொடுக்காதீர்கள்

மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா கடை வாசலில் நின்றார். பின்னால் அவர் லயத்தார் ஐந்து பேர், ஐவரும் இருமிக்கொண்டு. நான் அக்காவின் தொண்டையையே கவனித்தேன். ஒரு செருமல்கூட இல்லை. நேற்று ஆறாம் நம்பர் மலைக்கு மூன்றாவது ரவுண்டாம், உச்சிவரை ஏறியும் இருமவில்லையாம். ஒரு பை நிறைய மிச்ச மாத்திரைகளைக் கவுண்டரில் கொட்டினார். நானா ஓடிவந்து, என்ன வேண்டும் என்று பணிவாகக் கேட்டார். "இவங்களுக்கும் இருமல், மொதலாளி. எனக்குச் செஞ்ச அதே வைத்தியத்தச் செய்யச் சொல்லுங்க. ஒண்ணும் குடுக்காதீங்க!"

என் வேலை நிலைத்துவிட்டது. இன்று எங்கள் கடையில் ஆட்கள் தேடிவந்து வாங்கிப் போவது, பெரும்பாலும் நான் கொடுக்காத மருந்தைத்தான்.