வேலிக்குள் ஒரு கல்லறை

ராக்கெட் ஏவும் கூரூ நகரத்தில் எனக்கு அடுத்த வீட்டுக்காரி சிடோனி. சந்தையில் மரவள்ளிக் குருணை விற்பவள். அவள் அம்மாவின் கல்லறை ராக்கெட் தளத்தின் வேலிக்குள் இருக்கிறது.

அவள் சிறுமியாக இருந்தபோது தளத்துக்காக அவள் ஊரையே எடுத்துக்கொண்டார்கள். கல்லறைகளை நகரத்து இடுகாட்டுக்கு மாற்றித் தருவதாகவும் சொன்னார்கள். மற்றவர்கள் சம்மதித்தார்கள், அவள் அப்பா மட்டும் மறுத்துவிட்டார். பெண்டாட்டி அங்கே கிடக்கும்வரை அந்த மண்ணில் தனக்கும் உரிமை இருக்கும் என்பது அவர் கணக்கு. மிஞ்சியது வருஷத்தில் ஒரு நாள்தான். நவம்பர் முதல் தேதி, ஊரே கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும் சாயங்காலம், தளத்து வண்டி அவளை உள்ளே கூட்டிப்போய்வரும்.

அந்த வருஷம் வழிகாட்டும் செயற்கைக்கோள் ஒன்றை ஏவ இருந்தார்கள். மேல்காற்று சரியில்லையென்று தள்ளித் தள்ளி அதே நாளில் வந்து நின்றது. அனுமதி ரத்து. சிடோனி கேட்கவில்லை, மெழுகுவத்தியும் பூவுமாக என் காரில் ஏறிவிட்டாள். சீருடையைப் பார்த்தாலே குடியிருப்பு அனுமதி அட்டையைத் தடவிப் பார்க்கிற ஆள் நான்.

வாசலில் காவலுக்கு நின்றது அவள் அண்ணன் மகன் ஃபுல்பேர்.

“திரும்பிப் போ அத்தே. எரிபொருள் ஏத்தியாச்சு. ஈ காக்கா உள்ள போகக் கூடாது.”

“உங்க பாட்டி உள்ளதானடா படுத்திருக்கா? அவள ஏன் வெளிய அனுப்பல?”

“கத்தாத, கேமரா இருக்கு. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்.”

“ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் இன்னைக்கு வெளிச்சம். இவளுக்கு மட்டும் நாளைக்கு மிச்சம் மீதியா?”

அவன் சமாதானமாகச் சொன்னான்: “இது மேல போயிடுச்சுன்னா நீ எந்த மூலைல நின்னாலும் போன்ல கரெக்டா காட்டும் அத்தே.”

“நான் எங்க நிக்கிறேன்னு எனக்குத் தெரியும்டா. வேலிக்கு வெளிய.”

சாலையோரத்தில் மெழுகுவத்தி ஏற்றக் குனிந்தாள். அவனே ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் கார்க் கண்ணாடி அதிர்ந்தது. மரங்களுக்கு மேலே நெருப்பு ஏறி மேகத்துக்குள் போனது. ரேடியோவில் கைதட்டினார்கள். சில மணி நேரத்தில் செயற்கைக்கோள் தன் பாதைக்குப் போய்ச் சேர்ந்ததாம். இரண்டு நாளில் பூமியை மூன்று சுற்றுக்கு மேல் வரும். அதை யாரும் வழியில் நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் சிடோனி தளத்து அலுவலகத்துக்குப் போய், அப்பா மறுத்த கல்லறை மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டாள்.

“அம்மாவ வச்சு நிலத்தப் புடிக்கலாம்னு அப்பா நெனச்சாரு. மாட்டிக்கிட்டது அம்மாதான்.”

எலும்புகள் வந்த பெட்டி சின்னது. அன்றைக்கும் வேலிக் கதவைத் திறந்துவிட்டது ஃபுல்பேர்தான். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, போகலாம் என்று கையசைத்தான்.